குக்கர் ஒன்று வாங்கினேன், 41 நாளில் 137 மெயில். நிறுத்த வழி சொல்லுங்கள்

கோவை மீனா | ஆகஸ்ட் 30, இரவு 9:40

அம்மாவின் பழைய குக்கரில் கைப்பிடி கழன்றுவிட்டது. அவருக்குப் பழகிய 5 லிட்டர், உள்மூடி மாடல் இங்கே இரண்டு பாத்திரக்கடைகளில் கேட்டும் கிடைக்கவில்லை. ஆடித் தள்ளுபடி நேரம், வீட்டுச் சாமான் மட்டும் விற்கும் ஒரு இணையக் கடையில் இருந்தது. கணக்கு எதுவும் தொடங்காமல் பெயர், முகவரி, போன் நம்பர், மெயில் மட்டும் கொடுத்து வாங்கினேன். மூன்றாம் நாள் வந்து சேர்ந்தது. நல்ல குக்கர், அதில் ஒரு குறையும் இல்லை.

மெயில்தான் பிரச்சினை. காலை 7 மணிக்கு ஒன்று, மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒன்று, இரவு ஒன்று. சனி, ஞாயிறு என்றால் கூடுதலாக ஒன்று. "மீனா, உங்கள் அடுப்பங்கரை உங்களுக்காகக் காத்திருக்கிறது", "மீனா, எங்களை மறந்துவிட்டீர்களா?" என்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். இன்று உட்கார்ந்து எண்ணினேன். 41 நாளில் 137.

அழித்துவிட்டுப் போகலாம் என்றுதான் நானும் இருந்தேன். ஆனால் இந்தக் கூட்டத்துக்கு நடுவில் அப்பாவின் மருத்துவக் காப்பீட்டைப் புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயிலைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். அப்பாவுக்கு 71 வயது, சர்க்கரை உண்டு. கெடு முடிந்து ஒன்பதாம் நாள்தான் பார்த்தேன். கருணைக் காலம் இருந்ததால் பணம் கட்ட முடிந்தது. அந்த ஒன்பது நாளில் அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

மெயிலின் அடியில் அன்சப்ஸ்கிரைப் என்று பொடி எழுத்தில் இருக்கிறது. அழுத்தினால் லாகின் செய்யச் சொல்கிறது. கணக்கே இல்லாமல் எதில் லாகின் செய்வது? அலுவலகத்தில் ஒருவர், "அதை அழுத்தவே அழுத்தாதே, அழுத்தினால் இந்த முகவரியில் ஆள் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு இன்னும் அனுப்புவார்கள்" என்கிறார். அது உண்மையா? எங்கே புகார் கொடுப்பது?

சேலம் ராமு | ஆகஸ்ட் 30, இரவு 10:15

உங்கள் அலுவலக நண்பர் சொன்னது சரிதான் அம்மா. நான் பத்து வருடமாக எதிலும் கை வைப்பதில்லை. காலையில் காபி குடிக்கும்போது மொத்தமாக டிக் போட்டு அழித்துவிடுவேன். ஒரு நாளைக்கு அறுபது எழுபது வரும். பழகிவிட்டது.

முன்னாள் மார்க்கெட்டிங் | ஆகஸ்ட் 30, இரவு 11:52

மீனா, சென்னையில் ஆறு வருடம் இதே வேலையில் இருந்தவன் நான். துணிக்கடை, செருப்புக்கடை, மளிகை என்று பல கடைகளுக்காக மெயில் அனுப்பிக் கொடுக்கும் நிறுவனம். விட்டு மூன்று வருடம் ஆகிறது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராமு ஐயா சொல்வது ஒரு வகை மெயிலுக்குச் சரி, எல்லாவற்றுக்கும் சரியில்லை. வேண்டாத மெயில்கள் என்று மொத்தமாகச் சொல்கிறோமே தவிர, அதில் மூன்று சாதி இருக்கிறது.

ஒன்று, நீங்கள் உண்மையிலேயே பொருள் வாங்கிய கடை அனுப்புவது. இரண்டு, எங்கிருந்தோ உங்கள் முகவரி கிடைத்து, பேரே கேள்விப்படாத ஆட்கள் அனுப்புவது. மூன்று, கடை மாதிரியோ கூரியர் மாதிரியோ வேடம் போட்டு வரும் மோசடி. அழுத்தாதே என்கிற அறிவுரை இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும்தான். முதல் வகையில், உங்கள் முகவரியில் ஆள் இருக்கிறது என்பது கடைக்கு ஏற்கெனவே தெரியும். பணம் கட்டி, ஓடிபி போட்டு, குக்கர் வாங்கியிருக்கிறீர்கள். அன்சப்ஸ்கிரைப் அழுத்துவதால் அவர்களுக்குப் புதிதாகத் தெரிய ஒன்றுமில்லை. தாராளமாக அழுத்துங்கள்.

ஆனால் மெயிலின் அடியில் உள்ளதை அழுத்த வேண்டாம். ஜிமெயிலில் அந்த மெயிலைத் திறந்தால் மேலே, அனுப்பியவர் பெயருக்குப் பக்கத்திலேயே ஜிமெயில் தானாகக் காட்டும் அன்சப்ஸ்கிரைப் ஒன்று பெரும்பாலும் இருக்கும். அது வேறு, இது வேறு. கீழே இருப்பது கடைக்காரர் வைத்த கதவு. அதை எவ்வளவு குறுகலாக வைக்கலாம் என்று உட்கார்ந்து பேசுவோம், நானே பேசியிருக்கிறேன். "தினமும் வேண்டாமா? சரி, வாரம் இரண்டு போதுமா?" என்று ஒரு பக்கம் திறக்கும். "வாரம் இரண்டு" என்பது பெரிய பச்சைப் பொத்தானாக இருக்கும். "எதுவும் வேண்டாம்" என்பது வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து. அதை வடிவமைத்த அறையில் நானும் இருந்தேன். இன்றைக்கும் அதற்காக வருத்தப்படுகிறேன்.

மேலே இருப்பதில் அந்த வித்தை நடக்காது. நீங்கள் அழுத்தியதும் பெரும்பாலும் ஜிமெயிலே கடையின் சர்வருக்கு விலகல் செய்தியை அனுப்பிவிடும். அப்படி அனுப்பினால் லாகின் கேட்க வழியே இல்லை. பிப்ரவரி 2024 முதல், ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு கூகுள் கறாரான விதிகள் கொண்டுவந்தது. விளம்பர மெயிலில் ஒரே அழுத்தில் விலகும் வசதி இருந்தாக வேண்டும், விலகச் சொன்னால் இரண்டு நாளில் நிறுத்த வேண்டும். யாஹூவும் கூடவே இதைக் கொண்டுவந்தது. மதிக்காத கடைகளின் மெயில் இன்பாக்ஸுக்கே வராமல் போகும். மெயில் அனுப்பும் தொழிலில் எங்களுக்கு இதைவிடப் பெரிய பயம் கிடையாது.

அடுத்தது ஸ்பேம் பொத்தான். விலகிய பிறகும் வந்தால் ஸ்பேம் என்று போடுங்கள், தயங்காதீர்கள். அனுப்பும் ஆயிரம் மெயிலில் மூன்று பேர் ஸ்பேம் அழுத்தினாலே, அதாவது 0.3 சதவீதம் தொட்டாலே, அந்தக் கடைக்கு ஆபத்து ஆரம்பம். அந்த எண்ணிக்கையைத் தினமும் பார்த்துக்கொண்டே இருப்போம். ராமு ஐயா தினமும் அறுபது எழுபது அழிப்பது கடைக்குத் தெரியவே தெரியாது. ஸ்பேம் அழுத்தியிருந்தால் தெரிந்திருக்கும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஆர்டர் நடுவில் இருக்கும்போது அந்தக் கடையை ஸ்பேமில் போடாதீர்கள். பில், பார்சல் எங்கே இருக்கிறது என்ற தகவல், பணம் திரும்ப வரும் செய்தி எல்லாம் அதோடு ஸ்பேமுக்குள் போய்விடலாம். பொருள் வந்து, திருப்பிக் கொடுக்கும் நாளும் முடிந்த பிறகு போடுங்கள்.

தஞ்சை வாணி | ஆகஸ்ட் 31, காலை 6:30

முன்னாள் மார்க்கெட்டிங் அண்ணா, ஒரு சந்தேகம். நான் ஒரு நாள் ராத்திரி ஒரு புடவையைக் கூடையில் போட்டுவிட்டு வாங்காமல் மூடிவிட்டேன். மறுநாள் காலையிலேயே "உங்கள் புடவை காத்திருக்கிறது" என்று மெயில். மெயிலைத் திறந்து படித்தேன், எதையும் அழுத்தவில்லை. அதற்குப் பிறகுதான் நிறைய வர ஆரம்பித்தது. திறந்தது தெரிந்துவிடுமா?

முன்னாள் மார்க்கெட்டிங் | ஆகஸ்ட் 31, காலை 8:05

தெரியும் தங்கச்சி. மெயிலுக்குள் கண்ணுக்கே தெரியாத ஒரு புள்ளி அளவுப் படம் வைப்பார்கள். நீங்கள் திறக்கும்போது அந்தப் படம் அவர்களுடைய சர்வரிலிருந்து இறங்கும். இறங்கியது என்றால் திறந்தீர்கள் என்று கணக்கு. திறக்கிறவர்கள் ஒரு பட்டியல், மூன்று மாதமாகத் திறக்காதவர்கள் இன்னொரு பட்டியல். திறக்கிறவர்களுக்குத்தான் அதிகம் போகும்.

ஜிமெயில் செட்டிங்ஸில், வெளிப் படங்களைக் காட்டுமுன் கேள் என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் படம் இறங்காது. ஐபோனில் ஆப்பிளின் மெயில் ஆப் வைத்திருந்தால் 2021லேயே இதற்கு ஒரு பாதுகாப்பு வந்துவிட்டது. அதை இயக்கிவிட்டால் நீங்கள் திறந்தாலும் திறக்காவிட்டாலும் படத்தை அது தானே இறக்கி வைத்துக்கொள்ளும், கடைக்காரருக்கு எதுவும் நிச்சயமாகத் தெரியாது.

சேலம் ராமு | ஆகஸ்ட் 31, காலை 8:40

தம்பி, நீங்கள் சொன்ன மூன்றாவது வகை எனக்கு வந்திருக்கிறது. "உங்கள் பார்சல் முகவரி சரியில்லாமல் நிற்கிறது, 25 ரூபாய் கட்டினால் அனுப்புவோம்" என்று. அன்றைக்கு உண்மையிலேயே ஒரு பார்சல் வரவேண்டியிருந்தது. கார்டு நம்பர் போடும் பக்கம் வரைக்கும் போய்விட்டேன். நல்லவேளை, பேரன் பக்கத்தில் இருந்தான். அதற்குப் பிறகுதான் எதையுமே தொடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

முன்னாள் மார்க்கெட்டிங் | ஆகஸ்ட் 31, காலை 9:10

ஐயா, அந்த மாதிரி வந்தால் நீங்கள் செய்வதுதான் சரி. எந்த இணைப்பையும் தொடக் கூடாது, அன்சப்ஸ்கிரைப் உட்பட. பார்சல் விவரம் வேண்டுமென்றால் கடையின் ஆப்பையோ தளத்தையோ நீங்களாகத் திறந்து பாருங்கள். அனுப்பியவர் பெயரைத் தொட்டால் முழு முகவரி தெரியும். பெயர் கூரியர் பெயராக இருக்கும், முகவரி சம்பந்தமே இல்லாத ஏதோ ஒன்றாக இருக்கும். யாராவது பணத்தை இழந்துவிட்டால் தாமதிக்காமல் 1930க்கு அழைக்க வேண்டும், சைபர் குற்றங்களுக்கான உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு அதிகம்.

மதுரை நுகர்வோர் | ஆகஸ்ட் 31, பகல் 1:20

மீனா புகார் பற்றிக் கேட்டிருந்தார். நான் வக்கீல் இல்லை, நுகர்வோர் குழு ஒன்றில் தன்னார்வலர். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பலரும் 1909 என்ற புகார் எண்ணை நினைப்பார்கள். அது டிராய் என்கிற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் ஏற்பாடு, விளம்பர போன் அழைப்புக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும். மெயில் அதில் வராது. விளம்பர மெயிலுக்கென்றே தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. 2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஒப்புதல் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. மீனாவின் லாகின் பிரச்சினைக்கு நேராகப் பொருந்துகிற வரி அதுதான். விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. ஆனால் இந்தக் கடமைகளுக்குத் தயாராக நிறுவனங்களுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள், 2027 மே வாக்கில்தான் முழுதாக நடைமுறைக்கு வரும்.

அதுவரை கையில் இருக்கிற ஆயுதம் 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள். எந்த இணையக் கடையும் குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போட வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தளத்தின் அடியில், தனியுரிமைக் கொள்கைப் பக்கத்தில் தேடிப் பாருங்கள். வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினால் இயந்திரம் பதில் போடும். குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதினால் ஆள் படிப்பார்கள், அது என் அனுபவம்.

கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். ஆர்டர் எண், எந்த மெயில் முகவரி, எந்தத் தேதியில் விலக முயன்றீர்கள், என்ன ஆனது. லாகின் கேட்கும் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து இணையுங்கள். "விளம்பர நோக்கத்துக்கு என் முகவரியைப் பயன்படுத்த நான் ஒப்புக்கொள்ளவில்லை, உங்கள் எல்லாப் பட்டியல்களிலிருந்தும் நீக்குங்கள்" என்று ஒரு வரி. "எல்லா" என்ற சொல் முக்கியம். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

டொரன்டோ நிலா | ஆகஸ்ட் 31, மாலை 6:45

இங்கே கனடாவில் 2014 ஜூலையிலிருந்து இதற்குத் தனிச் சட்டம் இருக்கு. கடையில் சாமான் வாங்கினால், வாங்கின நாளிலிருந்து ரெண்டு வருடம் வரைக்கும் நீங்கள் ஒப்புக்கொண்ட மாதிரி எடுத்துக்கொண்டு அனுப்பலாம். அதற்கு மேலே அனுப்ப நீங்களாகச் சம்மதம் சொல்லியிருக்க வேணும். வேண்டாம் என்று சொன்னால் 10 வேலை நாளுக்குள் நிறுத்த வேணும். மீறின நிறுவனத்துக்கு 1 கோடி டாலர் வரைக்கும் தண்டம் போட இடமிருக்கு.

எங்கட அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில், இங்கத்தைய கடையொன்றில் குளிர் கோட் வாங்கினவா. ஒவ்வொரு மெயிலையும் தனக்கு வந்த கடிதம் என்று நினைச்சு முழுதாக வாசிப்பா. "பிள்ளை, இவை இன்றைக்கு ராத்திரியோட முடியுது என்கினம், போகாட்டி அவமரியாதை இல்லையோ" என்று கேட்பா. அந்த "இன்றோடு முடிகிறது" அடுத்த கிழமையும் வரும். வயதான ஆக்களின்ட மனசை அது எவ்வளவு அலைக்கழிக்கும் என்று அனுப்புகிறவைக்குத் தெரிய வேணும். நான் அவவின்ட போனில் ஒவ்வொரு கடையாக விலக்கிவிட்டனான், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போச்சு.

மென்பொருள் பாண்டி | செப்டம்பர் 1, காலை 10:00

வந்ததை நிறுத்துவது பற்றியே பேசுகிறோம். முதலில் முகவரியையே கொடுக்காமல் இருக்கப் பாருங்கள். ஜிமெயிலில் உங்கள் பெயருக்குப் பின்னால் ஒரு கூட்டல் குறியும் கடையின் பெயரும் சேர்த்துக் கொடுக்கலாம். மீனா என்பது உங்கள் முகவரி என்றால் மீனா+குக்கர் என்று கொடுங்கள். மெயில் உங்களுக்கே வரும். நாளைக்கு யாரோ ஒரு கடன் கம்பெனி மீனா+குக்கர் முகவரிக்கு அனுப்பினால், முகவரியை வெளியே விட்டது யார் என்று தெரிந்துவிடும். அந்த முகவரிக்கு வருவதையெல்லாம் நேராகக் குப்பைக்கு அனுப்ப ஃபில்டர் போட்டால் முடிந்தது.

தஞ்சை வாணி | செப்டம்பர் 1, காலை 10:25

பாண்டி, நான் முயன்றேன். இரண்டு தளங்களில் கூட்டல் குறியை ஏற்கவில்லை, "சரியான மெயில் கொடுக்கவும்" என்றது. இன்னொன்றில் ஏற்றது, ஆனால் பொருள் உடைந்து வந்தபோது என் வழக்கமான முகவரியிலிருந்து எழுதினேன், "இந்த முகவரியில் ஆர்டர் இல்லை" என்று இரண்டு நாள் இழுத்தார்கள்.

மென்பொருள் பாண்டி | செப்டம்பர் 1, காலை 11:10

உண்மைதான், அந்தச் சிக்கல் உண்டு. கூட்டல் குறிக்குப் பின்னால் உள்ளதை வெட்டிவிட்டு மூல முகவரியை எடுப்பதும் அனுப்புகிறவர்களுக்குக் கஷ்டமில்லை. அதைவிட உறுதி வேண்டுமென்றால் மறைமுகவரி சேவைகள் இருக்கின்றன, உங்கள் உண்மையான முகவரியைக் காட்டாமல் வேறொரு முகவரி தந்து, அதற்கு வரும் மெயிலை உங்களுக்கு அனுப்பிவைப்பவை. ஃபயர்பாக்ஸ் ரிலே இலவசமாகவே ஐந்து முகவரி தருகிறது. ஆப்பிளில் ஐகிளவுட் பிளஸ் பணம் கட்டி வைத்திருப்பவர்களுக்கு மெயிலை மறைக்கும் வசதி இருக்கிறது. கடைக்கு ஒன்று கொடுத்து, வேண்டாமென்றால் அந்த ஒன்றை மட்டும் அணைத்துவிடலாம்.

கடைகளுக்கென்றே தனியாக ஒரு ஜிமெயில் கணக்கு தொடங்குவதும் நல்ல வழி, என் மனைவி அப்படித்தான் வைத்திருக்கிறாள். மாதம் ஒரு முறையாவது திறந்து பாருங்கள். இரண்டு வருடம் தொடாமல் கிடந்தால் கூகுள் கணக்கையே நீக்கிவிடலாம்.

மீனா அக்கா, உங்கள் கதையில் எனக்கு முக்கியமாகப் பட்டது காப்பீட்டு மெயில். குக்கர் கடையை நிறுத்துவதற்கு முன்னால் அதைப் பாதுகாப்பு செய்யுங்கள். அந்தக் காப்பீட்டு நிறுவனத்தின் மெயிலைத் திறந்து, மூன்று புள்ளியில் ஃபில்டர் என்பதைக் கணினியில் எடுங்கள், போன் ஆப்பில் கிடைக்காது. "ஒருபோதும் ஸ்பேமுக்கு அனுப்பாதே", "நட்சத்திரம் போடு", "முக்கியம் எனக் குறி" மூன்றையும் டிக் செய்யுங்கள். வங்கி, பள்ளி, மின்வாரியம், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் ஒவ்வொன்றாகச் செய்துவிடுங்கள். கால் மணி நேர வேலை. கெடு தேதியைக் காலண்டரிலும் போட்டுவிடுங்கள், மெயிலை மட்டும் நம்ப வேண்டாம்.

கோவை மீனா | செப்டம்பர் 14, இரவு 9:05

எல்லோருக்கும் நன்றி. என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன், பின்னால் தேடி வருகிறவர்களுக்கு உதவும்.

பாண்டி சொன்ன ஃபில்டரை அன்றைக்கே போட்டேன். அப்பாவின் காப்பீடு, அம்மாவின் கண் ஆஸ்பத்திரி, மகளின் பள்ளி. இப்போது நட்சத்திரம் போட்டது மட்டும் தனியாகத் தெரிகிறது.

குக்கர் கடைக்கு மேலே உள்ள அன்சப்ஸ்கிரைப் இருந்தது, இத்தனை நாள் கண்ணில் படவில்லை. ஒரே அழுத்து, லாகின் கேட்கவில்லை. இரண்டு நாளில் நின்றது. நான்காம் நாள் வேறு பெயரில் படுக்கை விரிப்பு விற்கும் கடையிலிருந்து வர ஆரம்பித்தது. அடியில் உள்ள முகவரியைப் பார்த்தால் அதே கட்டடம், அதே மாடி. ஒரே முதலாளிக்கு இரண்டு கடை போலிருக்கிறது. மதுரை நண்பர் "எல்லாப் பட்டியல்களிலிருந்தும்" என்று ஏன் எழுதச் சொன்னார் என்பது அப்போதுதான் புரிந்தது. குறைதீர்ப்பு அலுவலரின் மெயில் தளத்தில் விதிமுறைகள் பக்கத்தின் கடைசியில் இருந்தது. ஸ்கிரீன்ஷாட் வைத்து எழுதினேன். மறுநாள் மாலை ஒரு பெண் கையெழுத்திட்டுப் பதில் வந்தது. மன்னிப்புக் கேட்டு, இரண்டு கடைப் பட்டியலிலிருந்தும் நீக்கியதாகவும், கணக்கு இல்லாதவர்களுக்கு லாகின் கேட்பது தவறு, சரி செய்யச் சொல்லியிருப்பதாகவும் எழுதியிருந்தார். ஒன்பது நாளாக எதுவும் வரவில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். சோதனைக்காக அந்தத் தளத்தில் பணம் கட்டும் பக்கம் வரைக்கும் போய்ப் பார்த்தேன். "ஆர்டர் செய்க" பொத்தானுக்குக் கீழே, திரையைத் தள்ளினால்தான் தெரிகிற இடத்தில், "சலுகைகளை எனக்கு அனுப்பவும்" என்று ஒரு கட்டம். ஏற்கெனவே டிக் போட்டே இருக்கிறது. ஆடி மாதம் நான் அந்த இடத்தைப் பார்க்கவே இல்லை.

சேலம் ராமு | செப்டம்பர் 15, காலை 7:20

மீனா அம்மா, உங்களைப் பார்த்து நானும் துணிந்து, வாங்கிய கடைகளுக்கு மட்டும் மேலே உள்ளதை அழுத்தினேன். பதினொரு கடை. இன்று காலை வந்தது மொத்தம் பதினாறு மெயில்தான். முதல் முறையாக ஒவ்வொன்றையும் படித்தேன். இன்னொரு கேள்வி. என் வங்கி, கடன் வேண்டுமா என்று வாரம் மூன்று அனுப்புகிறது. அதை விலக்கினால் கணக்கு விவரமும் நின்றுவிடுமா?

முன்னாள் மார்க்கெட்டிங் | செப்டம்பர் 15, காலை 8:00

நிற்காது ஐயா. விலகல் விளம்பரப் பட்டியலுக்கு மட்டும்தான், கணக்கு விவரம் வேறு பட்டியல். பெரும்பாலும் அனுப்பும் முகவரியே வேறாக இருக்கும், இரண்டு மெயிலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விலக்குங்கள், ஸ்பேமில் மட்டும் போடாதீர்கள். அடுத்த மாதம் ஸ்டேட்மென்ட் வந்ததா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.